தாயின் குற்றமல்ல: சுண்டெலிகள் தரும் சாட்சி



காரைக்குடியைச் சுற்றியுள்ள கல்லல், சாக்கோட்டை, புதுவயல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குழந்தைகளைக் கொண்டுவரும் தாய்மார்களில் சிலர், பிள்ளையை முந்தானையால் முழுவதும் மூடியே தூக்கி வருவார்கள். வெயிலுக்காக மூடியிருக்கிறார்கள் என்று நாம் நினைப்போம். முந்தானையை விலக்கினால்தான் காரணம் தெரியும். குழந்தையின் விரல்கள் உள்ளங்கைக்குள் இறுக மடங்கியிருக்கும். இரு பாதங்களும் உள்நோக்கித் திரும்பியிருக்கும். சிலருக்கு வாய் மிகச் சிறியதாய், விசில் அடிப்பதுபோல் குவிந்திருக்கும். பால் குடிக்கவே சிரமப்படும்.

குழந்தையைப் பரிசோதித்து முடிக்குமுன் அந்தத் தாயிடமிருந்து பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும். "கிரகணத்தன்னைக்குத் தெரியாம அரிவாள்மனையில காய் நறுக்கிட்டேன் டாக்டரம்மா. அதனாலதானே பிள்ளைக்கு இப்படி ஆச்சு?" பக்கத்தில் நிற்கும் மாமியார் ஒன்றும் பேசமாட்டார். அந்த மௌனமே அவரது தீர்ப்பு.

பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இரண்டு பேரும் அல்ல என்ற பதிலை நம் சபைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனாலும் ஒரு தாயிடம் "உன் குற்றமில்லை அம்மா" என்று சொன்னால் மட்டும் அவள் மனம் ஆறுவதில்லை. "பின்னே எதனால்?" என்று கேட்கிறாள். அதற்கு நேர்மையான விடை சொல்ல இன்று நம்மால் ஓரளவு முடிகிறது. அந்த விடையில் ஒரு பகுதியை நமக்குக் கொடுத்திருப்பது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பிராணி. சுண்டெலிதான்.

"ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் நீங்கள் எலி ஆராய்ச்சியைப் பற்றி ஏன் எழுதுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் காணிக்கையில் ஒரு ரூபாய்கூட எலிகளுக்குச் செல்வதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆயினும் நாங்கள் அன்றாடம் ஒரு தாய்க்குச் சொல்லும் விடை எங்கிருந்து வந்தது என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

கருவில் தசை உருவாகும் விதம்

நம் செட்டிநாட்டு வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வளைவுகளும் தூண்களும் நூறாண்டு கடந்தும் அப்படியே நிற்கின்றன. அவற்றைக் கட்டியபோது கொத்தனார்கள் முதலில் சாரம் கட்டினார்கள். வளைவுகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் சாரத்தையும் முட்டையும் பிரித்துவிட்டார்கள். இன்று அவை அங்கே இல்லை. ஆனால் முட்டு அன்று சரிந்திருந்தால், அதைப் பிரித்து எத்தனை ஆண்டுகள் ஆனாலும் வளைவு கோணலாகவே நிற்கும்.

கருவிலும் இப்படித்தான் நடக்கிறது. முதலில் மூல செல்கள் சில, "நாம் தசையாக வேண்டும்" என்று தீர்மானிக்கப்படுகின்றன. அவை பெருகி இளம் தசைச் செல்களாகின்றன. பின்பு ஒன்றோடொன்று இணைந்து நீண்ட தசை இழைகளாகின்றன. அந்த இழைகளுக்குள் மயோசின் என்ற புரதம் இருக்கிறது. தசை சுருங்குவதற்கான இழுவிசையைத் தருவது அதுவே.

மயோசினில் பல வகைகள் உண்டு. அவற்றில் ஒன்று கருக்கால மயோசின். கருவில் தசை உருவாகும் காலத்தில் இது ஏராளமாய் இருக்கும். பிறப்பை ஒட்டிக் குறைந்து, வளர்ந்தவர்களின் கை கால் தசைகளில் பொதுவாகக் காணப்படாது. தசையில் காயம் ஏற்பட்டு அது புதிதாய் வளரும்போது மட்டும் சிறிது காலம் மறுபடி தலைகாட்டும். பழைய வீட்டைப் பழுதுபார்க்க மறுபடி சாரம் கட்டுவது போல.

இந்தக் கருக்கால மயோசினை உண்டாக்கும் மரபணுவின் பெயர் எம்.ஒய்.எச்.3. மரபணு என்பது பெற்றோரிடமிருந்து நாம் பெறும் உடற்கட்டுமானக் குறிப்பு. சுமார் இருபதாயிரம் புரதக் குறிப்புகளில் இது ஒன்று. இந்தக் குறிப்பில் ஓர் எழுத்து மாறினாலே, மேலே சொன்ன மடங்கிய விரல்களும் திரும்பிய பாதங்களும் ஏற்படலாம் என்று 2006-ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். 1938-இல் ஃப்ரீமன், ஷெல்டன் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த நோய்க்கு அதுவரை காரணம் தெரியாமலே இருந்தது.

காரணம் கருவின் அசைவோடும் தொடர்புடையது. ஏறக்குறைய எட்டாம் வாரத்திலிருந்தே கரு அசையத் தொடங்குகிறது. அந்த அசைவு மூட்டுகளுக்குப் பயிற்சி. தசை சரியாக இழுக்காவிட்டாலோ, இழுத்தது தளராவிட்டாலோ, மூட்டு ஒரே நிலையில் இறுகிப்போகிறது. குழந்தை அந்த நிலையிலேயே பிறக்கிறது.

குறிப்பிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால்

ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்பதை எப்படி அறிவது? அதை நீக்கிவிட்டு, என்ன கெடுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. மனிதரில் அப்படிச் செய்யலாகாது, செய்யவும் கூடாது. சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய மூன்று வாரம். அதுவும் நம்மைப் போல் பாலூட்டி. நம் மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அதனிடத்தில் இணையான மரபணு உண்டு. ஆகவேதான் சுண்டெலி.

இதற்கான முறையைக் கண்டுபிடித்த மரியோ கபெக்கி, மார்ட்டின் இவான்ஸ், ஆலிவர் ஸ்மிதீஸ் ஆகிய மூவருக்கும் 2007-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. முறை இதுதான்: சுண்டெலியின் மிக இளம் கருவிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றில் ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்கிறார்கள். அந்தச் செல்களை வேறோர் இளம் கருவுக்குள் செலுத்தி, வளர்ப்புத் தாய் எலியின் கருப்பையில் வைக்கிறார்கள். பிறக்கும் குட்டிகளின் சந்ததியில், அந்த ஒரு மரபணு இல்லாத சுண்டெலிகள் கிடைக்கின்றன. பின்னாளில், குறிப்பிட்ட திசுவில், குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் மரபணுவை நீக்கவும் வழி கண்டார்கள்.

இந்த முறை தசையைப் பற்றிக் கற்றுத்தந்த முதல் பாடமே ஆராய்ச்சியாளர்களைத் திகைக்கச் செய்தது. மயோ-டி என்றொரு மரபணுவை 1987-இல் கண்டுபிடித்திருந்தார்கள். தோலடிச் செல்களில் அதைச் செயல்படவைத்தால் அவையும் தசைச் செல்களாய் மாறின. ஆகையால் தசைக்கு அதுவே தலைமை மேஸ்திரி என்று நினைத்தார்கள். ஆனால் 1992-இல் அதை நீக்கியபோது, பிறந்த சுண்டெலிகளின் தசைகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. அதன் துணை மரபணுவான மிஃப்-5 என்பதை மட்டும் நீக்கியபோதும் தசை உருவானது. விலா எலும்புகளில்தான் குறை ஏற்பட்டது. 1993-இல் இரண்டையும் சேர்த்து நீக்கினார்கள். பிறந்த குட்டிகளுக்கு எலும்புத் தசையே இல்லை, அவை பிழைக்கவில்லை. ஒரு மேஸ்திரி வராத நாளில் மற்றவர் வேலையை ஏற்றுக்கொள்கிறார், இருவரும் வராவிட்டால் வேலை நின்றுவிடுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. கண்ணாடித் தட்டில் செல்களை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திராது.

நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சி

நாம் தொடங்கிய கருக்கால மயோசினுக்குத் திரும்புவோம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆராய்ந்தவர்கள் நம் நாட்டவரே. டெல்லிக்கு அருகே ஃபரீதாபாத்தில், யுனெஸ்கோவின் ஆதரவோடு நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை அமைத்த பிராந்திய உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அங்கே டாக்டர் சாம் ஜே. மேத்யூவின் குழுவினர் தசை உருவாகும் விதத்தை ஆராய்கிறார்கள். கருக்கால மயோசினுக்குரிய மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளைக் கொண்டு அவர்கள் கண்டவை 2020-இல் வெளியாயின.

முதலாவது, அந்தச் சுண்டெலிகளின் தசை இழைகள் எண்ணிக்கையிலும் பருமனிலும் வகையிலும் மாறுபட்டிருந்தன. அதாவது கருக்கால மயோசின் வெறும் தற்காலிகப் புரதம் என்று ஒதுக்கத்தக்கதல்ல.

இரண்டாவது, எந்தப் பருவத்தில் நீக்கினார்கள் என்பதைப் பொறுத்து விளைவும் வேறுபட்டது. கருவின் முற்பருவத்தில் நீக்கியபோது மூல செல்களின் இருப்பு குறைந்து, இளம் தசைச் செல்கள் அதிகமாயின. பிற்பருவத்தில் நீக்கியபோது இரண்டுமே குறைந்தன.

மூன்றாவதுதான் மிகவும் வியப்பானது. மயோசின் இருப்பது தசை இழைக்குள். கெட்டுப்போனதோ அக்கம்பக்கத்து மூல செல்கள். எப்படி? இழைகளிலிருந்து அண்டைச் செல்களுக்கு ஒரு சமிக்ஞை செல்கிறது. எஃப்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணிகள் அந்தச் செய்தியைக் கொண்டுபோகின்றன. கருக்கால மயோசின் இல்லாதபோது இந்தச் செய்திப் போக்குவரத்து கெடுகிறது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களுக்கு அந்தக் காரணியை வெளியிலிருந்து கொடுத்தபோது குறை சரியாயிற்று.

நான்காவது, கருக்கால மயோசின் இல்லாத சுண்டெலிகள் வளர்ந்தபோது அவற்றின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. இதே வளைவை இந்த நோயுள்ள பிள்ளைகளிடமும் காண்கிறோம். வளர்ந்த தசையில் இல்லாத ஒரு புரதத்தின் குறை, வளர்ந்த உடலில் தெரிகிறது. பிரித்துவிட்ட முட்டின் சரிவு, நின்றுகொண்டிருக்கும் வளைவில் தெரிவது போல.

ஆகவே குழந்தையின் கை மடங்கியது கிரகணத்தன்று அல்ல. தான் கர்ப்பமாய் இருப்பதையே பல தாய்மார் நிச்சயமாய் அறியாத நாட்களிலேயே அந்தக் குறிப்பு எழுதப்பட்டுவிட்டது. இந்த நோயுள்ள பல பிள்ளைகளின் பெற்றோரிடம் அந்த எழுத்துப் பிழையே இருப்பதில்லை. கரு உருவாகும் வேளையில் அது புதிதாய் ஏற்படுகிறது. அப்படியானால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பெற்றோரில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தால் மட்டும், ஒவ்வொரு பிரசவத்திலும் இரண்டில் ஒன்று என்ற வாய்ப்பு உண்டு.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததுதான் காரணமோ என்றும் கேட்கிறார்கள். வேறு சில தசை நோய்களுக்கு அது காரணமாகலாம்; அவற்றைக் குறித்து நாங்கள் எச்சரிக்கவே செய்கிறோம். ஃப்ரீமன் ஷெல்டன் நோய்க்கோ ஓர் எழுத்துப் பிழை ஒரு பிரதியில் இருந்தாலே போதும். உறவு முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேலும், கை கால் மடங்கிப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த மரபணுவே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. நரம்புக் கோளாறு, கருப்பையில் இடநெருக்கடி, வேறு பல மரபணுக்கள் எனக் காரணங்கள் அநேகம். எங்களிடம் அதிகமாய் வருவது, வேறு குறை எதுவுமின்றிப் பாதம் மட்டும் வளைந்த குழந்தைகளே.

சுண்டெலி மனிதனல்ல

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சுண்டெலிகளிடம் புரதமே இல்லை. நம் பிள்ளைகளிடமோ புரதம் இருக்கிறது, ஆனால் பழுதாய் இருக்கிறது. வராத வேலையாளும் தவறாய் வேலை செய்யும் வேலையாளும் ஒன்றல்ல. ஆகவே எலியில் கண்டதை அப்படியே குழந்தைக்குப் பொருத்திவிட முடியாது.

எலியில் பலித்தது மனிதரில் பலிக்காததும் உண்டு. மயோஸ்டாட்டின் என்ற மரபணுவை 1997-இல் அமெரிக்காவில் நீக்கியபோது, சுண்டெலிகளின் தசை இரண்டு மூன்று மடங்கு பெருத்தது. ஆண் பிள்ளைகளை நடக்க முடியாமல் செய்யும் டுஷேன் தசைச் சிதைவு நோய்க்கு இது மருந்தாகும் என்று நம்பினார்கள். அந்த நோய்க்கு ஒப்பான குறையுள்ள சுண்டெலிகளில் 2002-இல் நல்ல பலனும் கண்டார்கள். பிள்ளைகளிடத்திலோ பலன் கிடைக்காமல் 2018-இல் ஒரு பெரிய மருந்துச் சோதனை நிறுத்தப்பட்டது.

மறுபுறம், பொறுமை பலன் தந்ததும் உண்டு. இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய்க்கு ஒப்பான சுண்டெலிகள் 1995-இல் உருவாக்கப்பட்டன. மரபணுச் சிகிச்சை முதலில் அத்தகைய சுண்டெலிகளில் சோதிக்கப்பட்டது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஐந்து நோயாளிகளுக்கு, அவர்களுடைய சொந்த இரத்த மூல செல்களிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துத் திரும்பக் கொடுத்தார்கள். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற செய்தி 2024-இல் வெளியாயிற்று. எலியிலிருந்து அந்த ஐந்து பேர் வரை வர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்!

இதை ஏன் சொல்கிறோம்? "ஸ்டெம் செல் ஊசி போட்டால் தசை வளர்ந்துவிடும்" என்று விளம்பரம் செய்வோரிடம், வீட்டை அடகு வைத்தும் தாலிக்கொடியை விற்றும் பணம் கட்டிவிட்டு வரும் பெற்றோரை நாங்கள் பார்க்கிறோம். இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற சிகிச்சை தவிர, மற்ற ஸ்டெம் செல் முறைகளை முறையான ஆராய்ச்சியாக அன்றி சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. ஆராய்ச்சியில் பங்கேற்பவரிடம் அதற்காகப் பணம் கேட்பது முறையல்ல. உங்கள் சபையில் யாராவது இப்படிக் கடன் வாங்க நினைத்தால், தயவுசெய்து முதலில் ஓர் அரசு மருத்துவமனைக்கோ எங்களிடமோ அனுப்புங்கள்.

அந்தப் பிராணிகளின் நிலை

சிருஷ்டிகளைப் பேணும் பொறுப்பு நமக்கு உண்டல்லவா, எலிகளை வதைக்கலாமா என்று கேட்போருக்கும் மதிப்போடு பதில் சொல்ல விரும்புகிறோம். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி இதற்கென ஒரு குழு இருக்கிறது. 1998-இல் விதிகளும் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு ஆராய்ச்சி நிலையமும் பதிவு பெற வேண்டும். எலி இல்லாமல் விடை காண வழியுண்டா, எத்தனை எலிகள் போதும், வலியை எப்படிக் குறைப்பது என்று நெறிக்குழுவிடம் காட்டி அனுமதி பெற வேண்டும். அவசியமில்லாமல் ஓர் உயிரையும் எடுக்கக் கூடாது என்பதே நோக்கம்.

இன்று நாம் செய்யக்கூடியது

பழுதான மரபணுவைத் திருத்தும் சிகிச்சை இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. பாதம் வளைந்த குழந்தைக்குப் பிறந்த ஓரிரு வாரத்திலேயே மாவுக்கட்டு தொடங்கலாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் இக்னேசியோ பொன்செட்டி வகுத்த முறை இது. வாரம் ஒருமுறை பாதத்தை மெதுவாய்ச் சிறிது திருப்பி மாவுக்கட்டு போடுகிறோம். சில வாரங்களில் பாதம் நேராகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் நாணில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். அதன்பின் இரு காலணிகளையும் ஒரு கம்பியால் இணைத்த சாதனத்தை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு நான்கு வயதளவும் இரவில் மட்டும் அணிய வேண்டும். மரபணுக் குறையுள்ள பாதங்கள் அதிகம் இறுகியிருக்கும், கட்டுகள் கூடுதலாகும், மீண்டும் வளையவும் கூடும். விரல்களுக்குத் தினமும் பயிற்சியும் சிறு பட்டைகளும் வேண்டும்.

நோயின் பெயரை அறிவதாலும் ஒரு நன்மை உண்டு. வாய் சிறுத்த பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது சுவாசக்குழாய் செலுத்துவது கடினம். முன்கூட்டியே தெரிந்தால் மயக்க மருத்துவர் ஆயத்தமாய் இருப்பார். முதுகெலும்பையும் ஆண்டுதோறும் கவனிப்போம். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அறிவில் எந்தக் குறைவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மற்றவர்களைப் போலவே படிப்பார்கள். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் வளைந்த பாதமும் சேர்க்கப்பட்டுள்ளதால், கிராமச் செவிலியர் மூலமாகவும் உதவி பெறலாம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது சில காரியங்களே. உங்கள் தெருவில் கை கால் மடங்கிய குழந்தை பிறந்தால், "வளர்ந்தால் சரியாகும்" என்று காத்திருக்கவிடாமல் முதல் வாரத்திலேயே அனுப்பிவையுங்கள். எண்ணெய் போட்டு வலுவாய் இழுத்து நீவ விடாதீர்கள். பிஞ்சு எலும்பு முறிந்துவிடும். வாராவாரம் பேருந்துக் கட்டணத்துக்கு வழியில்லாமல் கட்டை நடுவில் நிறுத்திவிடும் தாய்மார் உண்டு. அவர்களுக்கு உங்கள் உதவி போய்ச் சேர்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாயைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். மாவுக்கட்டுக்கு வரும் நாட்களில் நாங்கள் மாமியாரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்து, சாரத்தையும் முட்டையும் வைத்தே இந்தக் காரியத்தைச் சொல்லுகிறோம். கொத்தனார் வேலை எல்லாருக்கும் தெரிந்தது, உடனே விளங்கிவிடுகிறது. "அப்போ இவ மேல தப்பில்லையா?" என்று ஒரு பாட்டி கேட்டார். இல்லை என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், மருமகளின் மடியிலிருந்த பிள்ளையைத் தாமே வாங்கிக்கொண்டு, "நீ போய் ஒரு வாய் டீ குடிச்சிட்டு வாத்தா, நான் வச்சிருக்கேன்" என்றார்.

அந்தப் பிள்ளையின் மேல் அன்று முந்தானை மூடியிருக்கவில்லை.